வாளிக்கு மேலே ஒரு நூல்

சுவர் இருந்தது. சுவரோரம் தகர வாளி இருந்தது. நூலைக் காணோம்.

கணினியில் அடுத்த படத்தைத் தட்டினேன். சுவர், வாளி. அதற்கடுத்தது. சுவர், வாளி. பதினாறு வருடப் படங்கள், வருடத்துக்கு இரண்டு. ஒன்றிலாவது நூல் இருக்க வேண்டாமா? மருந்துக்குக்கூட இல்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சுத்தம் சார், "ஏம்மா, இத்தனை வருஷமா வாளியையா படம் எடுத்துட்டிருந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

சுத்தம் சார் எங்கள் பிரிவு அதிகாரி. மேசை சுத்தமா இருக்கணும், பைல் சுத்தமா இருக்கணும் என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்வதால் அலுவலகமே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. நான் வீட்டு வாரியத்தின் கட்டடப் பிரிவில் போட்டோ எடுப்பவள். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கடுகு. எண்ணெயில் விழுந்ததும் வெடிப்பேனாம். யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தால் வெடிப்பேன்.

வாரியத்தின் பழைய குடியிருப்புகள் நேராக நிற்கின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுப்பது என் வேலை. மொட்டை மாடி விளிம்பில் அடித்திருக்கும் கொக்கியிலிருந்து ஒரு வெள்ளை நூலைத் தொங்கவிடுவோம். நூலின் நுனியில் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. காற்றில் அது ஆடாமல் இருக்கக் கீழே ஒரு வாளித் தண்ணீரில் குண்டை அமிழ்த்திவிடுவோம். கொக்கியில் நூல் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி நிற்கும். கீழேயும் நாலு விரல் இருந்தால் சுவர் நேர். கீழே இடைவெளி கூடினால் சுவர் சாய்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் நின்று கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுப்பேன். கழுவிக் காயவைத்து, போன தடவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்ப்பேன். அரை சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் விதிப்படி அது வித்தியாசமே இல்லை. மாற்றம் இல்லை என்பதற்கு 'மா.இ.' என்று பிலிமின் ஓரத்தில் பேனாவால் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு உறைக்குள் வைப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு போய் எடுத்திருக்கிறேன்.

இப்போது நூல் எனக்கு ஏன் உயிர்போகிற விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால், மூன்றாவது மாடியில், என் தங்கை குடியிருக்கிறாள். ஒன்பது வருடமாக. இருக்கிற ஒரே வீடு அது. கட்டடம் சாய்ந்துவிட்டது, எல்லாரும் காலி செய்யுங்கள் என்று வாரியம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஆறு வருடத்துக்கு முன் குடியிருப்போர் தாங்களாகவே மாடியில் தண்ணீர் டேங்க் வைத்ததால்தான் சாய்ந்தது, தவறு உங்களுடையது, அதனால் மாற்று வீடு கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. டேங்க் வைக்கும் வரை பதிவேட்டில் எந்த மாற்றமும் இல்லையாம். படித்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தே போட்டேன். பதிவேட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், படம் பொய் சொல்லாது என்று தங்கையிடம் சொன்னேன். டேங்குக்கு முன்பே சுவர் சாய்ந்திருந்தது என்று ஒரு படம் காட்டினால் போதும், மாற்று வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று குடியிருப்போரின் வக்கீலம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். விசாரணைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

படம் இதோ, சுவரும் வாளியுமாக என் முன்னால் இருக்கிறது.

எல்லாம் அந்த ஸ்கேனரால் வந்தது. மூன்று மாதத்துக்கு முன், வாரியம் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய கையோடு, பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றிவிட்டு அறையைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. கம்பெனிக்காரர் மூன்று இயந்திரங்களைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார். முதலாவது, காகிதங்களையும் நகல் எடுக்கிற அகலமான கண்ணாடிப் பெட்டி. சுருண்டுபோன பழைய பிலிம் அதில் தட்டையாகப் படுக்க மாட்டேன் என்றது. ஓரமெல்லாம் மங்கல். அதை நானே ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது, பிலிம் பட்டையை வாயில் கொடுத்தால் விழுங்கி, ஆறு படத்தையும் இரண்டே நிமிடத்தில் கொடுத்துவிடும். தூசி, கீறல், முடி எதுவானாலும் தானே கண்டுபிடித்து நீக்கிவிடும். மூன்றாவதில் ஒவ்வொரு பட்டையாகச் சட்டத்தில் வைத்து அழுத்த வேண்டும். படத்துக்கு நாலு நிமிடம் பிடிக்கும். எதையும் நீக்காது. பிலிமின் ஓரம் வரை உள்ளதை உள்ளபடி கொடுக்கும்.

"இதுதான் வேணும் சார்" என்று மூன்றாவதைக் காட்டினேன். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"நாலு நிமிஷமா? பன்னிரண்டாயிரம் படம் இருக்கும்மா."

"பதினாறு வருஷம் எடுத்த படம் சார். நாலு நிமிஷம் குடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?"

அவர் மாதிரிப் படத்தைத் திரையில் தொட்டுக் காட்டினார். "இதுல தூசி அப்படியே இருக்கு. இதையா மேலிடத்துக்கு அனுப்பறது?"

"தூசி இருந்தா நான் தொடைக்கிறேன். மெஷின் எதைத் தூசின்னு நினைச்சுக்கும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"உங்களை விட அது நல்லா தொடைக்கும்மா" என்று அவர் சிரித்தார்.

அவ்வளவுதான். அவருடைய மேசை ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, அதில் என்றைக்காவது வேலை நடந்திருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். கையிலிருந்த குறிப்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் இரண்டாவது இயந்திரத்துக்கு ஆர்டர் போய்விட்டது.

நூல் காணாமல் போன அன்று கம்பெனிக்காரருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், அந்த மெஷின் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைப் பிலிம் மேல அடிக்கும். கலர் பிலிம்னா வெளிச்சம் உள்ள போயிடும், தூசி மட்டும் மறைக்கும். அதை வச்சு இது தூசின்னு கண்டுபிடிக்கும். கறுப்பு வெள்ளையில படமே வெள்ளிதான். வெள்ளியும் வெளிச்சத்தை மறைக்கும். உங்க வெள்ளை நூல் நெகட்டிவ்ல கறுப்புக் கோடா இருக்குமில்ல? அதை முடின்னு நினைச்சிருக்கு. எடுத்துட்டு, அந்த இடத்தைப் பூசி மெழுகிடுச்சு."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னேனே மேடம். கறுப்பு வெள்ளைக்கு அந்தச் சுத்தம் பண்றதை அணைச்சிடணும்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க கதவைச் சாத்திட்டுப் போனப்புறம் சொன்னேன். சார்தான் அந்தப் பட்டனை யாரும் தொடக் கூடாதுன்னு மேல டேப் ஒட்டச் சொன்னார்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். என்னைத் திட்டிக்கொள்ள நேரமில்லை, திட்டுவதற்கு எதிரிலேயே ஆள் இருந்தார். சுத்தம் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நெகட்டிவெல்லாம் எங்க சார்?"

"கழிவு அறையில. மூட்டை கட்டியாச்சு. வியாழக்கிழமை வண்டி வருது." பிலிமைக் கரைத்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்களின் வண்டி. அன்று செவ்வாய்.

"அந்த ஒரு பிளாக் படத்தை மட்டும் திரும்ப ஸ்கேன் பண்ணணும். டேப்பைப் பிரிச்சு, பட்டனை அணைச்சுட்டு."

"எல்லாம் சரியா பதிவாயிடுச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். இப்ப திரும்ப எடுத்தா என் கையெழுத்து என்ன ஆகும்?"

"சுவர் விழுந்தா உங்க கையெழுத்து தாங்கிப் பிடிக்குமா?"

"உங்க தங்கச்சி வீடுங்கறதால கத்தறீங்க."

"ஆமா. என் தங்கச்சி வீடுதான். அதுக்குக் கத்தாம வேற எதுக்குக் கத்தணும்?"

முழுப் பிரிவும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேராகக் கழிவு அறைக்குப் போனேன். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் பதினோரு மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டினேன். ஏழாவது மூட்டையில் அந்தப் பிளாக்கின் உறைகள் இருந்தன. ஒரு பட்டையை உருவி விளக்கில் காட்டிப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, மேலிருந்து வாளி வரை. நூல் இருந்தது. அங்கேயே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் அளவுக்கு மீறினால் அழுகை வரும். வந்தது.

உறைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. கழிவு என்று எழுதிவிட்ட பொருளை எடுத்தால் திருட்டாம். வக்கீலம்மாவுக்குச் சொன்னேன். புதன்கிழமை மதியமே அவருடைய கடிதம் வந்துவிட்டது. ஆதாரத்தை அழித்தால் அதற்குத் தனியாக வழக்கு வரும் என்று இருந்ததைப் படித்ததும் சுத்தம் சாரின் முகம் சுருங்கிப்போனது. மூன்று இடத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு உறைகளைத் தள்ளினார். கம்பெனிக்காரர் தன்னிடம் சும்மா கிடந்த அந்த மூன்றாவது இயந்திரத்தை இரண்டு நாளைக்குக் கொடுத்தார். அவரை அன்று திட்டியதற்காக வெட்கப்பட்டேன், ஆனால் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் மடித்த காகிதம். சமையலறைக் கதவுக்கு அடியில் மடித்த அட்டை. அட்டையை எடுத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அவள் குடிவந்த முதல் வாரமே அந்தக் கதவு அப்படித்தான் இருந்தது. டேங்க் வந்ததோ மூன்று வருடம் கழித்து. இதை வாரியத்திடம் அவள் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். கதவெல்லாம் ஆதாரம் ஆகாது என்று விட்டார்கள்.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் உன் மெஷினைக் கட்டிக்கிட்டு அழு" என்றாள். அந்த வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் கிளம்பியதே கிடையாது. சண்டை போடுகிற நாளில்கூடத் தட்டை என் கையில் திணித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடர்வாள்.

"முடிச்சுட்டுச் சாப்பிடறேன்."

"உன்னைய நம்பித்தான்கா இருக்கேன். இந்த வீடு போச்சுன்னா நாங்க எங்க போறது?"

"போகாது. நான் விடுவேனா?"

முதல் பட்டையைச் சட்டத்தில் வைத்து அழுத்தினேன். நாலு நிமிடம் ஆனது. திரையில் மேலிருந்து கீழாகப் படம் விரிந்தது. சுவர், வாளி, வாளிக்கு மேலே நூல். பிலிமின் ஓரம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. தங்கையிடம் திரும்பி, "பாத்தியா? இதைத்தான் வாங்கச் சொன்னேன். கேட்டானுங்களா?" என்றேன். அவள் சிரித்தாள்.

டேங்குக்கு முன் எடுத்த படங்கள் இருபது. ஒவ்வொன்றாக ஏற்றினேன். இரண்டாவதை முதலாவதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடைவெளி அப்படியே இருந்தது. மூன்றாவதை இரண்டாவதுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்படியே. இப்படியே இருபதாவது வரை வந்தேன்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றேன்.

"ஏன் பக்கத்துப் பக்கத்துப் படத்தையே பாத்துக்கிட்டிருக்க? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சேத்து வை."

"அப்படி வைக்கிற வழக்கம் இல்ல."

"வச்சுத்தான் பாரேன்."

வைத்தேன். முதல் படத்தில் வாளிக்கு மேலே நூல் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி இருந்தது. இருபதாவதில் ஒன்பது விரல். அளந்து பார்க்கவே வேண்டாம். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தங்கை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உடனே வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. இது போதும், இனி அவர்கள் டேங்கைப் பற்றி வாயைத் திறக்க முடியாது, மாற்று வீடு உறுதி என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் குடிவந்தப்ப எவ்வளவு இருந்துச்சு? அதைக் காட்டு."

தேடி எடுத்தேன். அவள் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்த படம். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். ஏழு விரல்.

"இது என்ன ஓரத்துல? உன் கையெழுத்து மாதிரி இருக்கு."

"என் கையெழுத்துதான்."

"அதுக்கு மேல மா.இ.ன்னு போட்டிருக்கே. அப்படின்னா?"

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "மாற்றம் இல்லை" என்றேன்.

அவள் மவுஸை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளினாள். முதல் படத்தைத் தவிர மற்ற பத்தொன்பதின் ஓரத்திலும் மா.இ. என்று இருந்தது. எல்லாவற்றிலும் என் கையெழுத்து, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். வாரியத்தின் பதிவேடு இதைப் பார்த்து எழுதியதுதான். நோட்டீஸைக் கிழித்தபோது அது எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம் இருந்தது என்னிடம், மற்றவர்கள் மேல்.

"விதிப்படி போன தடவைப் படத்தோடதான் ஒப்பிட்டுப் பாக்கணும். அரை சென்டிமீட்டருக்குள்ள இருந்தா..." என்று ஆரம்பித்தேன். சுத்தம் சாரின் குரல் போலவே இருந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"அந்த பிளாக்கை நானே பாத்துக்கிட்டிருக்கேன், கல்லு மாதிரி நிக்குது, கண்ணை மூடிட்டு வான்னு சொன்ன" என்றாள்.

"ஆமா."

"கதவு சாத்தலைன்னு சொன்னப்ப மரம் ஊறியிருக்கும்னு சொன்ன. அட்டையை மடிச்சு வச்சதே நீதான்."

"ஆமா."

"ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒன்பது வருஷம் இதுல படுத்துத் தூங்கியிருக்கேன்கா."

"அந்த மெஷின் மட்டும் நூலை அழிக்காம இருந்திருந்தா..."

"மெஷினா என்னைய இங்க குடிவரச் சொல்லுச்சு?"

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அது எனக்கு வரும். அவள் போடவில்லை. எனக்கு என் கையையே முறித்துப் போடலாம் போல இருந்தது. மூன்று மாதமாக ஊரையே திட்டித் தீர்த்தவளுக்கு, தன்னைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "ஓரத்தை வேணா வெட்டிக்கோ. கேஸுக்கு நூல் மட்டும் போதும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெட்டுவது சுலபம். ஒரு இழுப்பு, ஒரு தட்டல். படம் சுத்தமாகிவிடும். நூல் இருக்கும், வாளி இருக்கும், நான் இருக்க மாட்டேன். திங்கள்கிழமை விசாரணையில் வாரியத்து வக்கீல் இதை எழுதியது யார் என்று என்னைக் கேட்கவும் மாட்டார். கொஞ்ச நேரம் அம்புக்குறியை அந்த ஓரத்திலேயே வைத்திருந்தேன். பிறகு இருபது படத்தையும் ஓரத்தோடு சேர்த்தே பதிந்து, வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன்.

இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டும்போது மணி இரண்டு. சமையலறையில் எல்லாம் சமைத்து மூடி வைத்திருந்தது எனக்குத் தெரியும், வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. செருப்பை மெதுவாக மாட்டினேன். ஒரு காலில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினேன். தங்கை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துடு" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் பசியோடு இறங்கினேன்.